கூடத்துச் சுவரில் இருக்கும் கடல்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட படத்தை இன்னும் நான் அனுப்பவில்லை. "தேடிக்கிட்டு இருக்கேன்" என்று நான்கு நாளாக உன்னிடம் சொல்வது பச்சைப் பொய். அது எங்கே இருக்கிறதென்று எனக்கு இருபத்தோரு வருடமாகத் தெரியும். பீரோவில் என் கல்யாணப் பட்டு வேட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இரண்டு சிடி. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அப்போதே இரண்டாகப் போட்டேன். பிறகு சிடியை நம்பாமல் பென் டிரைவிலும் ஏற்றி வைத்தேன். வீட்டுப் பத்திரத்தைக்கூட நான் இத்தனை பத்திரமாக வைத்ததில்லை. உன் அம்மாவைக் கேட்டுப் பார், சொல்வாள்.

வரவேற்பு மேடைக்குப் பின்னால் நம் கூடத்துக் கடல் படத்தைப் பெரிதாக அடித்து மாட்ட வேண்டும் என்று சொன்னாய். மருமகளும் பக்கத்திலிருந்து, "மாமா, பூ டெக்கரேஷன்லாம் வேணாம், அந்தக் கடல் ஒண்ணு போதும்" என்றாள். அதோடு நீ போனை வைத்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன், வாயையும் மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் நீ இன்னொன்று சொன்னாய். "எனக்குத் தண்ணின்னாலே ஆவாதுன்னு உனக்குத் தெரியும் இல்லப்பா. அந்த ஒரு கடல பாத்தாதான் எனக்கு பயம் வரதில்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் போனும் கையுமாக அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடலுக்குள் நீ இருக்கிறாய், தம்பி. நான்தான் உன்னை அதற்குள் வைத்தேன், பிறகு துடைத்தேன், அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் சும்மா இருந்தேன். இதைச் சொல்லாமல் உன் கல்யாணத்துக்கு அந்தப் படத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. படித்து முடித்தபின் அந்தப் படம் வேண்டுமா என்று நீயே முடிவு செய். இந்த அப்பனை என்ன செய்வது என்பதையும் அப்போது முடிவு செய்யலாம்.

அப்போது நான் நேரு வீதிக்குப் பின்னால் ஒரு போட்டோ கலர் லேபில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். உன் தாத்தாவோடு மில் வேலை நம் குடும்பத்தில் முடிந்துபோனது, நான் மவுஸைப் பிடித்தேன். மணமக்களின் தலைக்குப் பின்னால் பனிமலையை நிறுத்துவது, மாப்பிள்ளையின் தொப்பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது, கோபித்துக்கொண்டு வராமல் போன மாமாவைக் குடும்பப் படத்தில் நிற்கவைப்பது, இதுதான் பிழைப்பு. ஒருநாள் ஒரு பிரெஞ்சுக்காரர் பிரிண்ட் போடப் படங்களோடு வந்தார். அதில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடல்தான், ஆனால் அலை இல்லை. கருப்புப் பாறைகளைச் சுற்றிப் பால் ஊற்றி வைத்தது போல வெள்ளையாக, மெத்தென்று, ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது. "மிசியே, இது எந்த ஊர் கடல்?" என்று கேட்டேன். அவர் சிரித்து, வாசல் பக்கம் கையைக் காட்டி, "உங்க கடல்தான். இங்கதான்" என்றார். அவர் பாஷையில் இதற்கு 'போஸ் லோங்' என்று பெயராம். கேமராவின் கண்ணை ஒரு நிமிடம் மூடாமல் திறந்து வைக்க வேண்டும், வெளிச்சம் அதிகமாகிவிடாமல் இருக்க முன்னால் ஒரு கருப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும், அந்த ஒரு நிமிடத்து அலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கடைசியில் அலையே இல்லாமல் ஆகிவிடும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த கடல் எனக்குக் காட்டாத முகத்தை எந்த ஊரிலிருந்தோ வந்த மனிதருக்குக் காட்டியிருக்கிறதே என்று பொறாமையாகவும் இருந்தது, சிலிர்ப்பாகவும் இருந்தது.

நம்மிடம் கருப்புக் கண்ணாடி ஏது? போட்டோஷாப்பில் செய்துவிடலாம் என்று இறங்கினேன். முதலில் எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். ஒரே ஒரு கடல் படத்தை எடுத்து, தண்ணீரை மட்டும் வெட்டி, மோஷன் பிளர் என்கிற மங்கலைப் போட்டு இழுத்தேன். ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி வந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கடலுக்கு வயித்துப்போக்கா?" என்றார். பிறகு ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஆங்கிலத்தில் படித்து வழியைக் கண்டுபிடித்தேன். ஒரு படத்தை இழுத்து மென்மையாக்க முடியாது, பல படங்கள் வேண்டும். கேமராவை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, ஒரே இடத்தை இருபது இருபத்தைந்து தடவை எடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் லேயர் லேயராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். அடியில் இருப்பது முழுசாகத் தெரியலாம். அதன்மேல் இருப்பதைப் பாதியாக மங்கவைக்க வேண்டும், அடுத்ததை மூன்றில் ஒன்றாக, அதற்கடுத்ததைக் காலாக. பந்தியில் ஒருவன் மட்டும் இருந்தால் பாயசம் முழுவதும் அவனுக்கு, இரண்டாவது ஆள் உட்கார்ந்தால் பாதிப் பாதி, மூன்றாவது ஆள் வந்தால் மூன்றாய்ப் பங்கு. அதே கணக்குதான். கடைசி ஆள் உட்காரும்போது எல்லார் இலையிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நின்றது மட்டும் திடமாக நிற்கும். ஓடியது, ஆடியது, வந்துபோனது எல்லாம் கரைந்து மாவாகிவிடும்.

இப்போது நீ சொல்லிச் சிரிக்கிற கதைக்கு வருகிறேன். அப்பா லென்ஸ் மூடிக்காக உன்னை அறைந்த கதை. தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறாய், மருமகளிடமும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. அதில் நீ சொல்லாத பகுதி ஒன்று உண்டு. உனக்கே தெரியாது என்பதால் சொல்லவில்லை.

உனக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லேப் கேமராவையும் டிரைபாடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "நானும் வரேன்பா" என்று சைக்கிள் முன்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். கருவடிக்குப்பத்து நம் வீட்டிலிருந்து குருசுக்குப்பம் கரை எவ்வளவு தூரம்? நீ ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் வந்துவிட்டோம். கரையில் கொட்டிய பாறைகளுக்கு மேலே டிரைபாடை நிறுத்தினேன். உன்னை எனக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் ஓரத்தில் உட்காரவைத்தேன். சும்மா இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாய் என்று லென்ஸ் மூடியைக் கழற்றி உன் கையில் கொடுத்தேன். "இத தொலைச்ச, தோல உரிச்சிடுவேன். மொதலாளி கேமரா" என்றேன். ஒருதடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். என் கோபம் உனக்குத் தெரியும். ஆறு வயதிலேயே நன்றாகத் தெரியும்.

ஐந்து வினாடிக்கு ஒரு படம், மொத்தம் இருபத்து நான்கு என்று முடிவு செய்திருந்தேன். கேமராவை நிறுத்திய பிறகு அதில் கண் வைக்கத் தேவையில்லை. தொட்டால் ஆடிவிடும் என்று ஒயர் வைத்த பொத்தான் கையில். கண் முழுவதும் கைக்கடிகார முள்ளில். ஐந்து, அழுத்து. ஐந்து, அழுத்து. அலை இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் கத்தியது காதில் விழுந்தது. மீன் இறங்குகிற நேரத்தில் அந்தக் கரையில் கத்தல் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம் என்று நான் எண்ணிக்கையை விடவில்லை. இரண்டு நிமிடம். இருபத்து நான்காவது படத்தையும் எடுத்துவிட்டு, வெற்றி வீரனைப் போலத் திரும்பினேன். நீ நனைந்து நின்றாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நடுங்கியது. உன் இரண்டு கையும் காலி.

"மூடி எங்கடா?"

"வுழுந்துட்டுச்சுப்பா."

அறைந்தேன். தண்ணீரில் ஆடாதே என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டு இன்னொன்றும் வைத்தேன். நீ அழவில்லை. அது எனக்கு அப்போது திமிராகத் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அஞ்சலைக்கா மணலில் குனிந்து சிதறிக் கிடந்த மீன்களைக் கூடைக்குள் அள்ளிக்கொண்டிருந்தது. ஆமாம், நம் தெருவுக்கு மீன் கொண்டுவருமே, உன் காதைத் திருகிவிட்டுப் போகுமே, அதே அஞ்சலைக்காதான். அதன் கிளிப்பச்சைப் புடவை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்காமல் உன்னைத் தூக்கிச் சைக்கிளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் லேபில் அடுக்க ஆரம்பித்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு இருபத்து நான்கு லேயர் என்பது கிழட்டு மாட்டுக்கு இருபத்து நான்கு மூட்டை. ஒவ்வொன்று சேர்த்த பிறகும் நின்று மூச்சுவிடும். முதல் படம் சாதாரணக் கடல், நுரையும் கூச்சலுமாக. இரண்டாவதைப் பாதியாக்கி மேலே வைத்தேன், அலைகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஐந்தாவது, ஆறாவது வரை ஒரே குழப்பம். பத்தைத் தாண்டியதும் என்னவோ நடக்க ஆரம்பித்தது. நுரையின் விளிம்புகள் கரைந்தன. இங்கே ஒன்றில் மேடு, அங்கே இன்னொன்றில் பள்ளம், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டன. இருபதில் தண்ணீர் புகையானது. இருபத்து நான்காவதைப் போட்டபோது, தம்பி, நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இருபத்து நான்கு முரட்டுக் கடல்கள் சேர்ந்து ஒரு சாந்தமான கடல். அதில் நான் புதிதாக ஒரு துளி சேர்க்கவில்லை, ஒரு கோடு வரையவில்லை. அந்த அமைதி அந்த அலைகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு நடுங்கியதில்லை. லேபில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வயித்துப்போக்கு என்று சொன்ன முதலாளியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஒரே ஒரு குறை இருந்தது. இடது பக்கம், பாறை தண்ணீரைத் தொடும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கறை. பாசியாக இருந்தால் திடமாகத் தெரிய வேண்டும், இது புகை மாதிரி இருந்தது. எந்தப் படத்திலிருந்து வருகிறதென்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். லேயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், அதைத் தொட்டால் அந்தப் படம் மறையும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு வரை ஒன்றுமில்லை. ஒன்பதாவதில் ஒரு மஞ்சள் சட்டை பாறை இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

உன் சட்டை. பத்தாவதில் நீ குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குக் கை நீட்டுகிறாய். மூடி விழுந்திருக்க வேண்டும். பதினொன்றில் முழங்காலளவு. பன்னிரண்டில் இடுப்பு. பதின்மூன்றில் ஒரு கை மட்டும் நுரைக்கு மேலே. பதினான்கில் படத்தின் ஓரத்தில் பச்சைப் புடவை நுழைகிறது, கூடை மணலில் உருண்டிருக்கிறது. பதினைந்தில் அஞ்சலைக்கா இடுப்பளவு தண்ணீரில். பதினாறில் அதன் கை ஒன்று பாறையைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. பதினேழாவதில் யாரும் இல்லை. கையும் இல்லை, புடவையும் இல்லை, நீயும் இல்லை. வெயில் பட்டு மின்னுகிற அழகான கடல் மட்டும் இருந்தது. இருபத்து நான்கிலும் அழகான படம் அதுதான். பதினெட்டாவதைத் திறக்க என் விரல் மவுஸை அழுத்த மறுத்தது. நீ உயிரோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். காலையில் நானே உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு அனுப்பினேன். தெரிந்தும் பயந்துகொண்டேதான் திறந்தேன். அதில் இரண்டு தலைகள் இருந்தன. அஞ்சலைக்காவின் கை உன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்தது. இருபதாவதில் உன்னை முழங்கால்மேல் குப்புறப் போட்டு முதுகில் தட்டுகிறது. இருபத்தொன்றுக்குப் பிறகு நீங்கள் இருவரும் படத்தில் இல்லை. அந்த நேரமெல்லாம் நான் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேலே நின்று ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலையை அப்படியே போட்டுவிட்டு குருசுக்குப்பத்துக்கு ஓடினேன். அஞ்சலைக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தது. "நேத்து... புள்ளய..." என்றேன். அது தலையை நிமிர்த்தாமலே, "தெரிஞ்சிபோச்சா" என்றது.

"ஏங்க்கா அப்பவே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ அடிச்சிட்ட. இத வேற சொன்னா இன்னும் ரெண்டு போடுவியோன்னு புள்ள மூஞ்ச பாத்து உட்டுட்டேன்."

காலில் விழப்போனேன். "எழுந்திருண்ணே, மீன் மிதிபடுது" என்றது. "நல்ல வேளக்கா, ஒனக்கு நீச்சல் தெரிஞ்சுது" என்று ஏதோ உளறினேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "எனக்கு எங்க தெரியும்? ஆம்பளைங்களுக்குத் தெரியும். பொம்பளைக்கு யாரு கத்துக்குடுத்தா? கழுத்துக்கு மேல ஆழத்துல நான் எறங்குனது அதான் மொத தபா."

"பின்ன எப்பிடி எறங்குன?"

"யோசிச்சா எறங்கியிருப்பனா? புள்ள போச்சு, நானும் போனேன்." பிறகு கத்தியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "கண்ண கெடியாரத்துல வச்சிக்கினு புள்ளய கடல்ல உட்டுட்டியேண்ணே" என்றது. திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. வாழ்நாளில் நான் வாங்கிய பெரிய அடி அது.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? லேபுக்குப் போனேன். குளோன் ஸ்டாம்பை எடுத்து, பக்கத்திலிருந்த பால் நிறத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அந்தப் பச்சைக் கறையைத் துடைத்தேன். ஒரு நிமிட வேலை. அந்த இருபத்து நான்கு படங்களையும் சிடியில் போட்டு வீட்டில் ஒளித்து வைத்தேன். முதலாளி அதில் ஒரு பிரிண்டைத் தெரிந்த லாட்ஜுக்குக் கொடுத்தார், எனக்கு ஒன்று பரிசாக வந்தது. அதைத்தான் உன் அம்மா சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் மாட்டினாள். மானத்துக்குப் பயந்தேன், தம்பி. அதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி தொடங்கி உனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று உன் அம்மா உன்னைக் கூட்டிப்போய் மந்திரித்து வந்தாள். வேப்பிலை அடிக்கும்போது நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். பயத்தின் பெயரும் ஊரும் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. காய்ச்சல் விட்டதும் உனக்கு எல்லாம் மறந்துவிட்டது. கடல் மறந்தது, என் அடி மட்டும் மறக்கவில்லை. உன் உடம்பு மறக்காமல் வைத்திருந்ததை நானும் நீயும் சேர்ந்து கோழைத்தனம் என்று பெயர் வைத்து அழைத்தோம். நோணாங்குப்பம் படகுத்துறையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் படகில் ஏறி உட்கார்ந்திருக்க, நீ படித்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாயே, உனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். "கடற்கர ஊர்ல பொறந்துட்டு முட்டிக்கால் தண்ணிக்குப் பயப்புடுறான் பாரு, ஆம்பளப் புள்ள" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தது யார்? காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். படகு போய்த் திரும்பி வரும்வரை நீ கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாய். அறைந்ததைக்கூட அறியாமையில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நோணாங்குப்பத்துக்கு அந்தச் சாக்கும் கிடையாது. நீ கோழை இல்லை. அப்பா திட்டுவார் என்று ஒரு மூடிக்காகக் கடலுக்குள் இறங்கிய பிள்ளை நீ. அதை இன்று எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

கல்யாணத்துக்கு நிற்கிறவனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் லேயர்தான். மருமகள் ஒருநாள் உன்மேல் எரிந்து விழுவாள், அந்த ஒரு படத்தை வைத்து அவளை முடிவு கட்டாதே. இருபத்து நான்கை அடுக்கிப் பார்த்த பிறகு ஆளை எடை போடு. உன் அம்மா என்னை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னோடு முப்பது வருடம் யார் குப்பை கொட்டுவது? ஆனால் அதையே சாக்காக வைத்து, மொத்தத்தில் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொள்ளாதே. எல்லாம் அமைதியாகத் தெரிகிற வீட்டில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு படத்தில் கை தூக்கிக்கொண்டிருக்கலாம். அவ்வப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார். யாராவது கத்தினால் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பு. என்னைப் போல மூக்குக்குமேல் கோபம் வந்தால், எதிரில் நிற்கிறவர் நனைந்திருக்கிறாரா என்று முதலில் பார்.

நேற்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கூடத்தில் இருந்த படத்தைக் கழற்றி, கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்தமாதிரி சாய்த்து வைத்தாள். சாயங்காலம் என் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அந்தப் பதினெட்ட காட்டு" என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். உன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அஞ்சலைக்காவின் கையைத்தான் பார்த்தாள். "நான் ஏதோ கொசுறு போடுதுன்னு நெனச்சேன்யா" என்று சொல்லி அழுதாள். வாரம் இரண்டு நாள் நம் வாசலில் கூடையை இறக்கி, வாங்கின மீனுக்குமேல் ஒன்றைப் போட்டு, "இது என் தொரைக்கு" என்று சொல்லுமே, அதைச் சொல்கிறாள். இத்தனை வருடம் வாசலுக்கு வந்தும் அந்த மனுஷி வாய் திறக்கவில்லை. கூடத்தில் அந்தக் கடல் மாட்டியிருப்பதை வாசலிலிருந்தே பார்க்கும், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும். மனிதர்களில் இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு அடங்கவில்லை. உலகத்தில் எத்தனை பிள்ளைகள் எத்தனை பேர் பிடித்துத் தூக்கியதால் வளர்கிறார்களோ, பெற்றவனுக்கே தெரியாமல்.

இப்போது முட்டி வலியால் அது தெருத்தெருவாக வருவதில்லை, குருசுக்குப்பத்திலேயே கடை போட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும். முதல் பத்திரிகை குலசாமிக்கு வைத்தாயிற்று. இரண்டாவது பத்திரிகை அஞ்சலைக்காவுக்கு என்று உன் அம்மா எடுத்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை நீ ஊருக்கு வந்ததும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, பச்சையில் ஒரு புடவையும் வைத்து, மருமகளோடு போய்க் கொடு. நானும் வரட்டுமா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. நீ கூப்பிட்டால் வருகிறேன்.

படத்துக்கு வருகிறேன். இந்த நான்கு நாளும் நான் தேடவில்லை, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போதைய போட்டோஷாப்பில் எல்லாப் படத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரே சொடுக்கில் முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை, பழையபடி ஒவ்வொன்றாகவே வைத்தேன், பதினேழையும் சேர்த்துத்தான். கடல் மறுபடி என் கண்ணெதிரே அடங்கியது. எனக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் மறுபடி எழுந்து நின்றேன். உனக்கு இரண்டு படங்கள் அனுப்புகிறேன். ஒன்று நீ கேட்டது, துடைத்தது. இன்னொன்று துடைக்காதது. இரண்டும் வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி, பூ அலங்காரக்காரரிடம் பேசிக்கொள்கிறேன்.

துடைக்காததை நீ எடுத்துக்கொண்டால், பேனர் அடிக்கிற பையன் கட்டாயம் உனக்குப் போன் செய்வான். "அண்ணே, பாறகிட்ட பச்சையா ஏதோ கற மாதிரி இருக்கு, நடுவுல ஒரு பொட்டு மஞ்சளும் இருக்கு, கிளீன் பண்ணிடட்டா?" என்று கேட்பான். ஒருதடவை துடைத்தவன் நான், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. மேடையின் அகலத்தை மண்டபத்தில் போய் நானே அளந்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளையாக நீ எந்த இடத்தில் நிற்பாய் என்று பார்த்து, அதற்கேற்றபடி படத்தை வெட்டியிருக்கிறேன். அந்த அளவில் அடித்தால் அந்தப் பச்சை ஒரு கை அளவுக்கு விரியும். நீ நிற்கும்போது சரியாக உன் தோளுக்குப் பின்னால் வரும்.

அப்பா